மாறன் உட்கார்ந்திருந்த அறை

அக்டோபர் 8, செவ்வாய்

லண்டன் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு மாறன் வந்திருந்தான். இளைத்திருக்கிறான். கேட்டதற்கு, "இங்க நடக்கறது ஜாஸ்திப்பா, எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க" என்றான். சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் அப்படி இல்லை.

இந்திராணியும் வந்திருக்க வேண்டியது. கயலுக்குப் பிரசவமாகி இன்னும் மாதம் நிறையவில்லை என்பதால் மகளோடு திண்டுக்கல்லிலேயே இருந்துகொண்டு என்னை மட்டும் ஏற்றிவிட்டாள். குளிருக்கு ஒரு குரங்குக் குல்லா, பையில் மாறனுக்குப் பார்த்திருக்கும் கரூர்ப் பெண்ணின் போட்டோ. "நேர்ல பேசுனாத்தான் மசிவான். சரின்னு சொல்ல வச்சுட்டுத்தான் நீங்க வரணும்" என்று உத்தரவு. மின்வாரியத்தில் ஆயுள் முழுக்க உத்தரவுகளை நிறைவேற்றியவன் நான். இதையும் நிறைவேற்றுவேன்.

மாறன் இருப்பது ஈஸ்ட் ஹாமில், ஒரு வீட்டின் மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மா தவமணி, யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ அண்ணை, களைச்சுப் போனியள்" என்று தேநீர் கொடுத்தார். வந்ததும் தமிழ் கேட்டதில் பாதிக் களைப்பு போய்விட்டது.

அக்டோபர் 9, புதன்

பிரஷர் மாத்திரை போட்டேன். மாறன் ஆபீஸ் போனான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கம்பெனிப் பட்டை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனை வரை வேகமாக நடந்தான். முனையில் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு மெதுவாகப் போனான். ரயிலுக்கு நேரம் இருந்திருக்கும்.

அக்டோபர் 12, சனி

இன்று கண்டதை எழுத எனக்குப் பாஷை போதாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மாறன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். வாசலில் டிக்கெட் எடுக்க நான் நின்றபோது சிரித்தான். "உள்ள போக யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கப்பா." பையை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்கள். உள்ளே ஒரு முற்றம். முற்றமா அது! நம் ஊர்ப் பேருந்து நிலையமே அடங்கும்போல. மேலே முழுவதும் கண்ணாடிக் கூரை, முக்கோணம் முக்கோணமாக. வெளிச்சம் மழை மாதிரி எல்லார் மேலும் சமமாகப் பெய்கிறது. "அந்தக் கண்ணாடில ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுப்பா. ஒவ்வொண்ணும் வேற அளவு" என்றான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. இத்தனை கண்ணாடியையும் அளந்து வெட்டி ஏற்றிய மனிதர்களை நினைத்துப் பார்த்தேன். நான் ஒரு டிரான்ஸ்பார்மரை மேடையில் ஏற்றவே நாள் முழுக்கத் திணறியவன்.

பிறகு எகிப்து, கிரேக்கம். கல்லில் செய்த ஒரு முஷ்டி என் இடுப்பு உயரம் இருந்தது. நடராஜர் முன்னால் என்னையறியாமல் ஷூவைக் கழற்றக் குனிந்துவிட்டேன். மாறன் தோளைத் தொட்டு நிறுத்தினான். கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டேன்.

மாறனுக்கு வரைபடமே தேவைப்படவில்லை. எந்தப் படியில் ஏறினால் எந்த அறை வரும், எந்தப் பெஞ்சில் கூட்டம் குறைவு, எங்கே வெந்நீர்க் குழாய் ஓடிக் கதகதப்பாக இருக்கும், எல்லாம் தெரிந்திருக்கிறது. ஓர் அறையில் காவலாளி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துத் தலையசைப்பார்கள் போலிருக்கிறது.

போட்டோ விஷயத்தை இன்று எடுக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ரயில் மாறத் தெரிந்துகொண்டேன். தனியாகவே மியூசியம் போய்வந்தேன்.

சிங்க வேட்டை அறையில் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. அசீரிய அரசன் ஒருவன் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தது. அரசன் தேரில் நிற்கிறான், அவனுடைய தாடிச் சுருள் ஒவ்வொன்றும் ஒழுங்காக இருக்கிறது. அவனை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தது ஒரு பெண் சிங்கத்தை. உடம்பில் அம்புகள். பின்னங்கால்கள் செத்துத் தரையில் இழுபடுகின்றன. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, தலையைத் தூக்கிக் கர்ஜிக்கிறது. செதுக்கியவன் அரசனிடம் கூலி வாங்கியவன். ஆனால் மனசு சிங்கத்தின் பக்கம் இருந்திருக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவனின் மனசை நான் இன்று நேரில் பார்த்தேன்.

இந்திராணி கூப்பிட்டாள். "பேசுனீங்களா? கரூர்ல கேட்டுக்கிட்டே இருக்காக."

"அவனுக்கு வேலை அதிகம். நேரம் பாத்துத்தான் பேசணும்."

"மியூசியம் பாக்க நேரமிருக்கு, இதுக்கு இல்லையாக்கும்."

அக்டோபர் 18, வெள்ளி

நேஷனல் கேலரி போனேன். முழுக்க ஓவியங்கள். கால் வலித்தது. சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது.

பெரிய ஓவிய அறை ஒன்றின் நடுப் பெஞ்சில், மாறனைப் போலவே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். காலை பதினொரு மணி. அதே நீலச் சட்டை. சட்டையை நேற்றுக் காலையில் நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், காலர் ஓரத்தில் ஒரு மடிப்பு சரியாக வரவில்லை. அந்தப் பையனின் காலரிலும் மடிப்பு சரியில்லை. கம்பெனிப் பட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தான். எதிரே இருந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. நான் வாசல் தூணுக்குப் பின்னால் நின்ற வரை கண்ணை எடுக்கவில்லை. நான் நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

லண்டனில் நீலச் சட்டைகளுக்கா பஞ்சம்.

நேற்று மாலை மாறன் வழக்கமான நேரத்துக்கு வந்தான். "ஆபீஸ் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மீட்டிங் மேல மீட்டிங்ப்பா. தலை வலிக்குது."

மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அக்டோபர் 21, திங்கள்

விடியற்காலையே எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். "ஆபீஸ்ல சூடு பண்ண மெஷின் இருக்குப்பா" என்றான். இருக்கட்டும், ஆறினாலும் நன்றாக இருக்கும் என்றேன். ஸ்வெட்டரையும் பையில் வைத்தேன். ஏசி குளிரும் அல்லவா.

பகலில் நேஷனல் கேலரி. பெஞ்சு காலியாக இருந்தது. நானே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன்.

இருட்டு அறை, மேசை மேல் ஒரே ஒரு விளக்கு. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைப் பறவை. குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், பறவை துவண்டு கிடக்கிறது. இது விஞ்ஞானப் பரிசோதனை, குடும்பமாகக் கூடி நின்று பார்க்கிறார்கள். பெரிய பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள். சின்னவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் கையில் கடிகாரம். காதல் ஜோடி ஒன்று பறவையைக் கவனிக்கவே இல்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீள நரைமுடிக்காரர் ஒருவர் குடுவை உச்சியிலுள்ள திருகில் கை வைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார். திறந்தால் காற்று உள்ளே போகும், பறவை பிழைக்கும். திறப்பாரா? வரைந்தவர் சொல்லவில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கை அங்கேயே இருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்! நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். முகங்களில் விழுந்த அந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வேன். வெறும் சாயம்தான். ஆனால் கையை நீட்டினால் சுடும்போல் இருந்தது.

காவல் பணியில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி பக்கத்தில் வந்தார். பிடித்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "இந்தப் படத்துக்கு ஒரு பையன் வாடிக்கை. கோடைகாலத்திலிருந்து வருகிறான். ரொம்ப மரியாதையான பையன். வெள்ளிக்கிழமை பாதியில் எழுந்து போனான். இன்று காணவில்லை" என்றார்.

காலையில் வீட்டிலிருந்து அவன் என்னவோ வழக்கம்போலத்தான் கிளம்பிப் போனான்.

ஆற்றுப் பாலம் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்குப் பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை.

மாலை அவன் வந்ததும் முதலில் டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தேன். காலியாக இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

இனி நேஷனல் கேலரி பக்கம் போவதாக இல்லை. வாசலில் படிகள் அதிகம்.

அக்டோபர் 24, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. கீழே தவமணி அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, "மாறனோட பிரெண்டு ஒருத்தன், நல்ல பையன். வேலை போச்சுன்னா இங்க விசா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாள் தவணை குடுப்பினம் அண்ணை. அதுக்குள்ள வேற வேலை எடுக்க வேணும். இல்லையெண்டால் ஊருக்குப் போக வேணும்."

"அப்படியா."

"அந்தப் பிரெண்டிட்டச் சொல்லுங்கோ. நான் இந்த நாட்டுக்கு வரேக்க ஒரு கைப்பையோடதான் வந்தனான். வேலை போனால் வேலைதான் போகும், ஆள் போறேல்லை."

வெங்காயம் கண்ணைக் கரித்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தது. அரசாங்க ஏற்பாடு. மாறனும் நானும் துணி துவைத்தோம். போட்டோவைக் காட்டினேன். பார்த்தான். "நல்லாருக்காங்கப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நானும் எடுத்தேன். வாஷிங் மெஷின் அலறியது. போய்த் துணியைக் காயப்போட்டோம்.

அக்டோபர் 29, செவ்வாய்

ஈஸ்ட் ஹாமிலிருந்து சவுத் கென்சிங்டனுக்கு ரயில் மாறாமலே போகலாம் என்று தவமணி அம்மா சொன்னார். அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். போனேன்.

ஒரு கூடத்தில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. ரோமாபுரி வெற்றித் தூண் ஒன்றை அப்படியே சாந்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். துண்டே இத்தனை பெரிது! அடியிலிருந்து உச்சி வரை ஒரு நாடா மாதிரி கதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சிப்பாய்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், காயம்பட்டவனைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அசலில் உச்சியில் இருப்பதைக் கீழே நிற்பவன் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாத இடத்திலும் அதே அக்கறையோடு செதுக்கியிருக்கிறார்கள். யாருக்காக? நான் கதையைத் தொடர்ந்து தூணைச் சுற்றினேன். கண் மேலே, கால் கீழே தன்பாட்டுக்குப் போனது.

எதிர்ப்பக்கமிருந்து இன்னொருவன் அதேபோல் அண்ணாந்தபடி சுற்றி வந்தான். தோளோடு தோள் மோதிக்கொண்டோம்.

"சாரி..." என்றான். அப்புறம், "அப்பா" என்றான்.

கையில் ஸ்வெட்டர். கழுத்தில் பட்டை.

"சாப்டியாடா?" என்றேன்.

இல்லை என்று தலையசைத்தான்.

உள்முற்றத்தில் ஒரு தோட்டம், நடுவே முட்டை வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி. ஓரத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். பாதிப் பாதி. சாப்பிட்டு முடித்ததும் அவன் சொன்னான்.

"ஜூலைல எங்க டீமையே எடுத்துட்டாங்கப்பா. விசா நவம்பர் கடைசி வரைக்கும்தான். எத்தனையோ இடத்துல கேட்டுட்டேன். நீங்க வர்றேன்னு சொன்னப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரல. நீங்க இருந்துட்டுப் போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"ம்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கு எப்படிடா தெரியும்."

"அப்பா, நேஷனல் கேலரிக்குக் குரங்குக் குல்லா போட்டுட்டு வர்ற ஆளு இந்த லண்டன்ல நீங்க ஒருத்தர்தான். தூணுக்குப் பின்னாடி அதுதான் தெரிஞ்சுச்சு. அதான் அடுத்த நாள்ல இருந்து அங்க போறதில்ல. நீங்க படம் பாக்கறதக் கெடுக்க வேணாம்னு இங்க வந்துட்டேன்."

அவனுக்கு இடம் விட்டு நான் விலகினேன். எனக்கு இடம் விட்டு அவன் விலகியிருக்கிறான். இரண்டு பேரும் விலகி வந்து ஒரே தூணில் மோதிக்கொண்டோம். முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தான் என்று தெரியவில்லை. அவன் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது.

"எதுக்குடா மியூசியம்?" என்று கேட்டேன், அவன் முகம் துடைத்த பிறகு.

"ரூம்ல இருந்தா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துச்சுப்பா. கடைல உக்காந்தா ஏதாச்சும் வாங்கணும். இங்கதான் யாரும் நீ யாரு, என்ன பண்றேன்னு கேக்கறதில்ல. மொதல்ல சும்மா உக்காரத்தான் வந்தேன். அப்புறம் பாக்க ஆரம்பிச்சேன். எவ்ளோ பேரு, எவ்ளோ வருசம் முன்னாடி, உயிரக் குடுத்துச் செஞ்சு வச்சிருக்காங்க. அது முன்னாடி போய் நின்னா, நம்ம கவலை இருக்கத்தான் செய்யுது. ஆனா அது மட்டுமே இருக்கற மாதிரி இல்ல."

எனக்குச் சிங்க அறை நினைவுக்கு வந்தது. அவன் சொல்வது சரி.

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்."

"அந்தத் தூணுல பாதிதான் பாத்தேன். வா, மிச்சத்தையும் பாத்துட்டுப் போலாம்."

போய்ப் பார்த்தோம்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடியலில் எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து, மாறன் தலையில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். வளர்ந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து எத்தனை காலமாகிறது. கூச்சப்பட்டான், பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தவமணி அம்மா பயற்றம் பணியாரமும் முறுக்கும் கொடுத்தனுப்பினார்.

வீடியோவில் இந்திராணி, கயல், கைக்குழந்தை. பட்டாசுச் சத்தம். எல்லாரும் எல்லாரையும் வாழ்த்தி முடித்ததும் மாறன் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

"அம்மா, எனக்கு வேலை போயிருச்சும்மா. ஜூலைலயே."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு சரவெடி வெடித்து முடிந்தது. என் பிரஷர் எவ்வளவு ஏறியிருக்குமோ.

"தலைக்கு எண்ணெய் வச்சியாடா?" என்றாள்.

"வச்சேம்மா. அப்பா தேச்சு விட்டாரு."

அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "கரூருக்கு நான் சொல்லிக்கறேன். இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லுவோம். இஷ்டம்னா இருக்கட்டும். நீ நவம்பர் வரைக்கும் பாரு. கெடைக்கலைன்னா கெளம்பி வா. ஒன் வீடுதானடா இது" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"முந்தாநாளு."

பொய்யில்லை. அவன் வாயால் சொன்னது முந்தாநாள்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

நாளை விமானம். மாத்திரை, பாஸ்போர்ட், பேரனுக்கு ஒரு கம்பளித் தொப்பி, எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. மாறனுக்குச் செவ்வாய்க்கிழமை மான்செஸ்டரில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது. கிடைக்குமா தெரியாது.

கடைசியாக இயற்கை வரலாற்று மியூசியம் போனோம். இந்த முறை சேர்ந்தே கிளம்பினோம், சேர்ந்தே நுழைந்தோம். கோயில் மண்டபம் மாதிரி ஒரு கூடம். அண்ணாந்தேன். ஆகாயத்தில் ஒரு நீலத் திமிங்கலம். எலும்புக்கூடுதான். ஆனால் தொங்குகிறது என்று சொல்ல முடியாது, நீந்துகிறது. பெரிய தாடையைத் திறந்துகொண்டு, முதுகெலும்பை வளைத்து, கூட்டத்தின் மேல் இறங்கி வருகிறது. கீழே நாங்கள் எல்லாரும் கடலடியில் நிற்கிற சின்ன மீன்கள். என் வயதில் இப்படி வாயைப் பிளந்து நிற்பது அழகில்லை. நின்றேன்.

மாறன் சொல்லிக்கொண்டே வந்தான். அயர்லாந்துக் கரையில் நூறு வருடத்துக்கும் முன்னால் இது ஒதுங்கியதாம். இந்தப் பெரிய உடம்பு சாப்பிடுவது விரல் அளவு இறால் மாதிரிப் பூச்சிகளையாம். தாடையில் பல்லே கிடையாதாம். "மடக்குன மாதிரி இருக்கு பாருங்கப்பா, அது துடுப்பு. அதுக்குள்ள நம்ம கை மாதிரியே விரல் எலும்பு இருக்கு." கையை நீட்டிக் காட்டினான். குரல் நன்றாக எழும்பியது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போகும் காலத்தில் அவனுக்கு இந்தக் குரல் இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் கூடவே நகர்ந்து வந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள், சுற்றுலா வந்தவர்கள். அந்த மனிதர் மாறனிடம், "ரொம்ப நல்லா சொல்றீங்க தம்பி. இங்கதான் வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் திமிங்கலத்தின் வால் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

"இல்லீங்க. இப்போதைக்கு எனக்கு வேலை இல்ல" என்றான் மாறன். மணி கேட்டவருக்கு மணி சொல்கிற மாதிரி சொன்னான். "இவரு எங்கப்பா. ஊர்ல இருந்து வந்திருக்காரு. அவருக்குச் சுத்திக் காட்டிக்கிட்டிருக்கேன். நீங்களும் வாங்க, மேல மாடியில இருந்து பாத்தா இதோட முகம் தெரியும்."

எல்லாருமாகப் படியேறினோம்.